வெப்பமானிக்கே நிழல் கட்டியிருக்கிறீர்கள்

மழைக்காட்டு மீட்பு நடவுக்கு இடம் குறித்து, நிதி ஒதுக்கி, கணக்குக் கேட்கும் அதிகாரிகளுக்கு,

வால்பாறையில் 16 வருடமாகக் காட்டு மர நாற்று வளர்த்து நடும் குழுவில் இருப்பவன் நான். போன பிப்ரவரியில் நாங்கள் நட்ட சரிவில் நாற்றுகள் பெரும்பாலும் செத்துப்போனது பற்றி உங்கள் அலுவலகம் அனுப்பிய குறிப்பு கைக்கு வந்தது. வால்பாறை குளிர்ந்த மலைப்பகுதி, அந்த மாதங்களில் வெப்பநிலை 30 டிகிரியைத் தாண்டவில்லை, ஆகவே வெயிலைக் காரணம் சொல்ல முடியாது, பராமரிப்புக் குறைவுதான் காரணம் என்று அதில் முடிவு கட்டியிருக்கிறீர்கள். அந்த முடிவின் பேரில், தண்ணீர் ஊற்றிய 9 பெண்களின் இரண்டு மாதக் கூலி நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. இப்போது அதே சரிவின் மீதிப் பாதியையும் டிசம்பர் 20 முதல் சுத்தமாக வெட்டி நடவுக்குத் தயார் செய்யச் சொல்லி இன்னொரு உத்தரவு வந்திருக்கிறது.

கூலி விஷயம் மட்டும் என்றால் நேரில் வந்து பேசியிருப்பேன். நடந்த தவறையே இன்னொரு முறை செய்யச் சொல்லும்போது நாலு பேருக்குத் தெரியும்படி எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் அந்த 30 டிகிரியை எடுத்துக்கொள்வோம். அது வானிலைப் பெட்டியில் எடுத்த எண். வெள்ளையடித்த மரப்பெட்டி, நாலு பக்கமும் காற்று போய்வரச் சாய்வான சட்டங்கள், தரையிலிருந்து ஆள் நெஞ்சு உயரம். வெப்பமானி மேல் வெயில் நேராகப் பட்டால் தப்புக் கணக்கு காட்டும் என்பதற்காகவே அந்தப் பெட்டி. அதாவது வெப்பமானிக்கே நிழல் கட்டியிருக்கிறீர்கள். அதில் தெரிவது நிழலில் இருக்கும் காற்றின் சூடு. காற்றைப் பொறுத்தவரை அது சரியான எண்தான். எங்கள் நாற்று அந்தப் பெட்டிக்குள் நிற்கவில்லை. மரம் வெட்டிய மொட்டைச் சரிவில், மேற்குப் பார்த்து நின்றது.

மார்ச் மாதத்தில் ஒரு நாள் மதியம் ஒரு மணிக்கு அங்கே நின்றேன். கொரோனா சமயத்தில் நெற்றியில் காட்டிப் பார்க்க வாங்கிய துப்பாக்கி மாதிரி வெப்பமானி ஒன்று நாற்றங்கால் கொட்டகையில் கிடந்தது. விளையாட்டாக எடுத்துப்போய், பாலி என்ற காட்டு மரத்தின் நாற்று ஒன்றின் இலைமேல் காட்டினேன். எண் வரவில்லை, 'ஹை' என்று மட்டும் வந்தது. மனிதக் காய்ச்சலுக்குச் செய்த கருவி, அதன் உச்ச அளவைத் தாண்டிவிட்டால் அப்படித்தான் காட்டும். அப்புறம் பொள்ளாச்சியில் மோட்டார் மெக்கானிக்குகள் வைத்திருக்கும் வகை ஒன்றை வாங்கிவந்து திரும்பப் பார்த்தேன். நிழலில் காற்று 29. வெட்டவெளியில் நின்ற நாற்றின் இலை 44.

அந்த இலையைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். ஓரம் பச்சையாகவே இருந்தது. நடு நரம்புக்கு இரு பக்கமும் மட்டும் வெளிறி, பிறகு பழுப்பாகி, அப்பளம் மாதிரி மொடமொடத்துப் போயிருந்தது. ஓரத்தில் காற்று உரசிச் சூட்டை எடுத்துப்போகும், அகலமான இலையின் நடுப்பகுதிக்கு அந்த வசதி இல்லை. இன்னொரு நாற்றில், மேல் இலையின் நிழல் கீழ் இலைமேல் விழுந்த இடம் மட்டும் அச்சு எடுத்த மாதிரி பச்சையாக இருந்தது, சுற்றிலும் வெந்திருந்தது. தண்ணீர் ஊற்றாமல் செத்த செடி அப்படி இருக்காது. அது நுனியிலிருந்து வாடும், குருத்து தொங்கும், பிறகு மொத்தமாகக் காயும். இலைமேல் படம் வரைந்த மாதிரி கருகியது என்றால் அது வெயில் போட்ட கையெழுத்து. வாரம் இருமுறை லாரித் தண்ணீர் வந்ததற்கு ரசீது இருக்கிறது. குழியைத் தோண்டிப் பார்த்தபோது மண் ஈரமாகத்தான் இருந்தது.

இதையும் சொல்லிவிடுகிறேன். சரிவின் அடியில் ஓடையை ஒட்டி, வெட்டுக்காரர்கள் இறங்க முடியாத ஒரு மூலையில் வட்டக்கண்ணி மரங்கள் தப்பித்து நின்றன. அதன் அடியிலும் 11 நாற்று வைத்திருந்தோம். அதே விதை, அதே பை, அதே நாள், அதே லாரித் தண்ணீர், அதே பெண்கள். இலைச் சூடு அங்கே 31. பதினொன்றும் இன்றைக்கும் நிற்கின்றன, இரண்டு முறை துளிர்விட்டாயிற்று. பராமரிப்புக் குறைவு ஓடைக்கரைக்கு மட்டும் ஏன் வரவில்லை என்று உங்கள் குறிப்பை எழுதியவர் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

நீங்கள் கணக்குப் பார்ப்பவர்கள், அதனால் இலைக்குள் நடப்பதையும் வரவு செலவாகவே சொல்கிறேன். கல்லூரியில் தாவரவியல் படித்தவன், அதற்குப் பிறகு காட்டில் படித்ததுதான் அதிகம்.

இலைக்கு வரவு ஒளிச்சேர்க்கை, செலவு சுவாசம். சூடு ஏற ஏற வரவு ஒரு கட்டம் வரை ஏறும். பனாமாவில் இருக்கும் ஸ்மித்சோனியன் வெப்பமண்டல ஆய்வு நிறுவனத்தார், காட்டுக்குள் நிறுத்திய கிரேனில் ஏறி, உச்சிக்கிளைகளில் 42 வகை மரம், கொடிகளின் இலைகளை நின்ற இடத்திலேயே அளந்து 2017இல் வெளியிட்டார்கள். வரவு உச்சத்தில் இருந்தது 30 டிகிரியை ஒட்டித்தான். அதற்கு மேல் இறக்கம். வெப்பமண்டலத்து மரம்தானே, வெயில் பழகியிருக்கும் என்று நாம் நினைக்கிறோம். பழகியது உண்மை. ஆனால் வருடம் முழுக்க ஒரே மாதிரி இருக்கும் வெப்பத்துக்குப் பழகியது, அதனால் மேலே கூடுதல் இடம் குறைவு.

இறக்கத்துக்கு முதல் காரணம் சூடு நேரடியாகச் செய்வது அல்ல. காற்று சூடாகிக் காய்ந்தால் இலையிலிருந்து நீரை உறிஞ்சும். நீரைக் காப்பாற்ற இலை தன் துளைகளை மூடிக்கொள்கிறது. மூடினால் கரியமில வாயு உள்ளே வராது, நீர் ஆவியாவதால் கிடைக்கும் குளிர்ச்சியும் நின்றுபோகும். அந்த நிமிடத்திலிருந்து இலையின் சூடு காற்றின் சூட்டைவிட்டு விலகி மேலே போகிறது. 29 எப்படி 44 ஆனது என்பதற்குப் பதில் இங்கேதான். வேரில் ஈரம் இருந்தும் ஏன் என்று கேட்பீர்கள். பையில் வளர்ந்த நாற்றின் வேர் ஒரு கைப்பிடி மண்ணுக்குள் சுருண்டு கிடக்கிறது. வெட்டவெளிக் காற்று கேட்கும் வேகத்துக்கு அது நீர் ஏற்ற முடியாது.

உள்ளே இருக்கும் இயந்திரத்துக்கும் சிக்கல் வரும். கரியமில வாயுவைப் பிடித்துக் கொடுக்கும் ரூபிஸ்கோ என்ற நொதி, சூடு கூடினால் ஆக்சிஜனையும் சேர்த்துப் பிடிக்க ஆரம்பிக்கிறது, பிடித்ததைச் சரிசெய்யவே சக்தி விரயமாகிறது. ரூபிஸ்கோவை ஓட வைக்கும் துணைப் புரதம் ஒன்று இருக்கிறது, அது அதற்கும் முன்னால் சூட்டில் சோர்ந்துவிடும். செலவுப் பக்கமோ வேறு கதை. 10 டிகிரி ஏறினால் சுவாசம் தோராயமாக இரட்டிப்பாகிறது. வரவு நின்று, செலவு இரட்டிப்பான வீடு எத்தனை நாள் தாங்கும்?

2023இல் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வந்தது. சர்வதேச விண்வெளி நிலையத்தில் பொருத்திய கருவியால் உலகத்து வெப்பமண்டலக் காடுகளின் மேற்பரப்புச் சூட்டைப் பார்த்து எழுதியது. ஒளிச்சேர்க்கை இயந்திரம் பழுதாகத் தொடங்கும் அளவு, மரத்துக்கு மரம் மாறினாலும், சராசரியாக 46.7 டிகிரி. வருடத்தில் ஒரு முறையாவது அதைத் தாண்டும் இலைகள் இப்போதைக்குப் பத்தாயிரத்தில் ஒன்றுதான் என்று கணக்கிட்டார்கள். அவர்கள் பார்த்தது வளர்ந்த காட்டின் உச்சியில், வெயிலிலேயே பிறந்து தடித்த இலைகளை. எங்கள் நாற்றங்காலில் நிழல்வலைக்கு அடியில் வளர்ந்த மெல்லிய இலையை நீங்கள் ஒரே நாளில் கொண்டுபோய் அந்த எல்லைக்கு இரண்டு மூன்று டிகிரி பக்கத்தில் நிறுத்தச் சொன்னீர்கள். மூடிய காட்டின் அடியில் விழும் வெளிச்சம், மேலே விழுவதில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான். அந்தக் கொஞ்ச வெளிச்சத்தை ஒன்று விடாமல் பிடிப்பதற்காகவே நிழல் இலை தன்னை அமைத்துக்கொள்கிறது. அதன்மேல் முழு வெயிலைக் கொட்டினால், பிடித்த ஒளியைச் செலவழிக்க வழியில்லாமல் பச்சையத்தையே எரித்துக்கொள்ளும்.

அமெரிக்காவில் அரிசோனா பாலைவனத்தில் பயோஸ்பியர் 2 என்று ஒரு கண்ணாடிக் கூடம் இருக்கிறது. உள்ளே ஒரு சிறு மழைக்காட்டையே வளர்த்து வைத்திருக்கிறார்கள். கூரைக்குக் கீழ் சூடு ஏறும், ஆனால் காற்று ஈரமாக இருக்கும். அங்கே 38 டிகிரி வரைக்கும் காடு ஒளிச்சேர்க்கையை விடாமல் நடத்தியது என்று 2020இல் எழுதினார்கள். வெளியே இயற்கைக் காடுகள் அதற்கு வெகு முன்னாலேயே தளர்ந்துவிடுகின்றன. ஆக, சூட்டோடு வறட்டுக் காற்று சேர்ந்தால்தான் ஆபத்து சீக்கிரம் வருகிறது. உங்கள் உத்தரவு இரண்டையும் ஒரே வெட்டில் கொண்டுவந்தது.

வெட்டச் சொன்னது என்ன என்று ஒரு முறை நினைத்துப் பாருங்கள். உண்ணிச்செடியை வெட்டச் சொன்னால் நானே முதல் ஆளாக அரிவாள் எடுப்பேன். உங்கள் வெட்டு உத்தரவில் இருந்தது 'உபயோகமற்ற மரங்கள்'. அந்தப் பட்டியலில் முதல் பெயர் வட்டக்கண்ணி. தாமரை இலை மாதிரி காம்பு இலையின் உள்பக்கம் ஒட்டியிருக்கும், எட்டு பத்து வருடத்தில் குடையாகி நிற்கும். விறகுக்குச் சுமார், மரச்சாமானுக்கு ஆகாது, அதனால் உபயோகமற்றது. வேரில் ஈரம் இருக்கும்வரை நிறைய நீரை ஆவியாக்கித் தன்னையும் அடியில் இருப்பதையும் குளிர்த்துவிடும் மரம் அது. பழைய ஏலத்தோட்டம் கைவிடப்பட்ட இடத்திலெல்லாம் காடு முதலில் அனுப்பிவைக்கும் ஆள். அதன் நிழலில்தான் பின்னால் பாலியும் வெடிப்பலாவும் நாங்கும் வரும். அந்தச் சரிவில் காடு பத்து வருடம் இலவசமாகச் செய்து வைத்திருந்த வேலையை வெட்டி அகற்ற நீங்கள் கூலி கொடுத்திருக்கிறீர்கள் என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வெடிப்பலா விதையும் பாலி விதையும் மழைக்காலத்தில் விழும், காயவைத்து டப்பாவில் போட்டு வைக்க முடியாது, உடனே மண்ணுக்குள் போக வேண்டும். விழுந்த இடத்தில் ஈரமும் நிழலும் இருக்கும் என்ற நம்பிக்கையில் பிறக்கும் விதை. இதைப் பிப்ரவரி கடைசியில் நடச் சொல்லக் காரணம், மார்ச் 31க்குள் பணம் செலவாகிவிட வேண்டும் என்பது. வேறு காரணம் யாரும் எனக்குச் சொல்லவில்லை. தென்மேற்கு மழை ஜூனில் வருகிறது என்பது எஸ்டேட் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும்.

எங்கள் குழுவில் மூத்தவரை எல்லோரும் பெரியம்மா என்று கூப்பிடுவோம். முப்பது வருடம் கொழுந்து எடுத்தவர். இளம் தேயிலைக்கு முன்பெல்லாம் பெரணித் தழையை வெட்டி ஊன்றி நிழல் கொடுப்பார்கள், அந்தப் பழக்கத்தில் அவர் ஒவ்வொரு நாற்றுக்கும் மேற்குப் பக்கம் இரண்டு பெரணியைச் செருகிக்கொண்டே வந்தார். யாரும் சொல்லிச் செய்யவில்லை. இரண்டாம் வாரம் மேற்பார்வைக்கு வந்தவர் எல்லாவற்றையும் பிடுங்கச் சொன்னார். இடம் குறித்த செல்போன் படத்தில் நாற்று தெரியவில்லையாம். படம் எடுத்துப் போனார்கள். பெரணி காய்ந்து கிடந்தது, பின்னால் நாற்றும். அந்தப் பெரியம்மாவின் பெயர்தான் இப்போது பராமரிப்புக் குறைவுக்குப் பொறுப்பானவர்கள் பட்டியலில் முதலில் இருக்கிறது.

தேயிலைக்கு நடுவே சில்வர் ஓக்கை நிழலுக்கு நட்டவர்கள் லாப நஷ்டம் பார்க்கும் தோட்ட முதலாளிகள். இலை ஓவராகச் சூடானால் கொழுந்து குறையும் என்று அவர்களுக்குத் தெரியும். அந்த நியாயம் காட்டு மரத்துக்கு மட்டும் இல்லாமல் போனது எப்படி? அப்படியென்றால் வெயில் தாங்கும் சில்வர் ஓக்கையே அங்கேயும் வைத்துவிடலாமே என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டாராம். வைக்கலாம், அதற்குப் பெயர் தோட்டம்.

மழைக்காட்டு மரம் எல்லாம் ஒரே ரகம் என்றும் நான் சொல்லவில்லை. புனேவில் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தார் பருவக்காட்டு மரங்களில் அளந்து, தடித்த இலையோடு மெதுவாக வளரும் மரங்கள் கூடுதல் சூடு தாங்குகின்றன, மெல்லிய இலையோடு வேகமாக வளர்பவை குறைவாகத் தாங்குகின்றன என்று 2017இல் காட்டினார்கள். சூடு மட்டும் எதிரி என்றும் இல்லை. மேலே புல்வெளிகளில் சோலை மர நாற்று உறைபனி இரவில் விறைத்து, காலையில் பளீர் வெயில் பட்டதும் அடிபடுகிறது. அங்கேயும் பிரச்சினை தலைக்கு மேல் மரக்கிளைக் குடை இல்லாததுதான். எந்த மரத்தை, எந்த நிழலில், எந்த மாதம் என்று இடம் பார்த்து முடிவு செய்ய வேண்டியதை, மாவட்டம் முழுமைக்கும் ஒரே தாளில் எழுதி அனுப்பினால் இப்படித்தான் ஆகும். வால்பாறையிலேயே நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன்காரர்கள் இருபது வருடத்துக்கு மேலாகச் சிதைந்த காட்டுத் துண்டுகளை மீட்டு வருகிறார்கள். மழையில் நடுகிறார்கள், தானாக முளைத்த காட்டுச் செடியை விட்டுவிட்டுக் களையை மட்டும் எடுக்கிறார்கள். போய்ப் பார்க்க அரை நாள் போதும்.

இனி நான் கேட்பவை.

டிசம்பர் 20 வெட்டு உத்தரவை நிறுத்துங்கள். உண்ணிச்செடி, மற்ற அயல் களைகளை மட்டும், நடும் வரிசையில் மட்டும் வெட்ட அனுமதி கொடுங்கள். வட்டக்கண்ணி உட்படத் தானாக வந்த நாட்டு மரம் ஒன்றின் மேலும் அரிவாள் படக்கூடாது என்று எழுத்தில் வேண்டும். ஏற்கனவே மொட்டையான பாதியில் பாலியையும் வெடிப்பலாவையும் திரும்ப நடச் சொல்லாதீர்கள். முதலில் வெயில் விரும்பும் மரங்கள், அவை தலைக்கு மேல் கூடிய பிறகு, மூன்று வருடமோ நாலு வருடமோ ஆகட்டும், அடியில் மற்றவை. அதற்குத் தகுந்த மாதிரி திட்டக் காலத்தை நீட்ட வேண்டியிருக்கும்.

நடவுப் பணத்தை ஜூன், ஜூலையில் செலவழிக்கும்படி அடுத்த நிதியாண்டுக்குக் கொண்டுபோக வழி செய்யுங்கள். உங்களால் முடியாது, மேலே கேட்க வேண்டும் என்றால் மேலே கேளுங்கள், கடிதத்தின் நகலை எங்களுக்கும் அனுப்புங்கள். மதிப்பீட்டிலிருந்து நீக்கிய நிழல்வலைச் செலவையும், நாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சத்துக்குப் பழக்கும் மூன்று மாதக் கூலியையும் திரும்பச் சேருங்கள். நட்ட அன்று எடுத்த படத்தை வைத்துக் கணக்கு முடிக்காமல், இரண்டு கோடை தாண்டிய பிறகு உயிரோடு நிற்பதை எண்ணிப் பணம் கொடுங்கள், எங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பெரணி ஊன்றுவதைத் தடுக்கக்கூடாது. ஒவ்வொரு நடவிடத்திலும் இலை உயரத்தில், வெட்டவெளியில் ஒன்றும் மரத்தடியில் ஒன்றுமாகச் சூட்டையும் ஈரப்பதத்தையும் பதியும் சிறு கருவிகளைத் தொங்கவிடுங்கள். பிறகு யார் குறிப்பு எழுதினாலும் அந்த எண்ணை வைத்து எழுதட்டும்.

பராமரிப்புக் குறைவு என்ற முடிவைத் திரும்பப் பெற்று, அந்த 9 பேரின் கூலியைப் பொங்கலுக்கு முன் கொடுத்துவிடுங்கள். முடிவில் உங்களுக்கு இன்னும் சந்தேகம் இருந்தால் ஒரு அதிகாரியை அனுப்புங்கள். வெயில் உள்ள ஒரு நாளாகப் பார்த்து, மதியம் ஒரு மணிக்கு வரட்டும். கருவி என்னிடம் இருக்கிறது. ஓடைக்கரையில் அந்தப் பதினொன்றையும் காட்டுகிறேன், அப்புறம் மேலே ஏறி மொட்டைச் சரிவில் ஒரு மணி நேரம் அவர் தொப்பி இல்லாமல் நிற்கட்டும்.

பதிலை டிசம்பர் 15க்குள் எழுத்தில் எதிர்பார்க்கிறேன். அதற்குள் வராவிட்டால், 20ஆம் தேதி அரிவாளோடு எங்கள் குழுவில் ஒருவரும் சரிவுக்குப் போகமாட்டோம்.

இப்படிக்கு,
நாற்றங்கால்காரன்,
வால்பாறை